கேள்வி-பதில்: "மகன் கிழமைக்கு எவ்வளவு காசு தந்தவன்?"

போன இதழில ஒரு தம்பி, அயர்லாந்து சுதந்திரப் போராட்டத்தில செத்த ஆக்களின்ட குடும்பங்களை பிறகு ஆராவது பாத்தவையோ எண்டு கேட்டிருந்தார். நான் மூண்டு வரியில, ஓம் பென்ஷன் குடுத்தவை, ஆனா எல்லாருக்கும் குடுக்கேல்ல, கன வருசம் இழுத்தடிச்சவை எண்டு எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டன். அப்பிடி விட்டது பிழை எண்டு இப்ப விளங்குது. திருகோணமலைப் பக்கத்தில இருந்து மட்டும் அவ்வளவு கடிதம், அரைவாசி வட்ஸ்அப்பில வொயிஸ் மெசேஜ். தம்பலகாமத்தில இருந்து ஒரு அம்மா "மூண்டு வரியில முடிக்கிற விசயமா பிள்ளை இது" எண்டு கேட்டா. இல்ல அம்மா, இல்லவே இல்ல. அதால இந்த முறை மற்றக் கேள்வியெல்லாத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளி வைச்சிட்டு இது ஒண்டைத்தான் எடுக்கிறன்.

உப்புவெளியில இருந்து ஒரு ரீச்சர்: 1916ல செத்தவைக்கு ஆர் பென்ஷன் குடுத்தது? அப்ப அங்க பிரிட்டிஷ்காரன்ட ஆட்சி எல்லோ?

அப்ப ஒருத்தரும் குடுக்கேல்ல ரீச்சர். 1916 ஏப்ரல் 24ஆந் திகதி டப்ளினில கிளர்ச்சி தொடங்கி ஆறு நாளில அடங்கிட்டுது, மே 3ல இருந்து தலைவர்மாரை ஒவ்வொருத்தரா கில்மெய்னம் சிறைக்குள்ள வைச்சு சுடத் தொடங்கினவை. தோம் கிளார்க் எண்டவரை முதல் நாளே சுட்டுட்டினம். அவரின்ட மனிசி கத்லீன் கிளார்க், அவவின்ட சொந்தத் தம்பி நெட் டேலி, அவரை அடுத்த நாள் சுட்டது. ரெண்டு நாளில புருசனும் இல்ல தம்பியும் இல்ல, வயித்தில பிள்ளை வேற, அந்தப் பிள்ளையும் பிறகு தங்கேல்ல. அந்தப் பொம்பிளைதான் எழும்பி நிண்டு மற்றக் குடும்பங்களுக்கு காசு சேர்க்கத் தொடங்கினவ. இத நான் வாசிச்ச அண்டைக்கு கன நேரம் வேற வேலை ஓடேல்ல எனக்கு.

அவ தொடங்கின நிதியும் வேற ஆக்கள் தொடங்கின இன்னொரு நிதியும் அந்த வருசம் ஆகஸ்ட்டில ஒண்டாச் சேர்ந்தது, 1917 தொடக்கத்தில அதுக்கு செக்ரட்டரியா வந்தவர்தான் பிறகு பெரிய பேர் எடுத்த மைக்கல் கொலின்ஸ். எங்கட ஊரில செத்தவீடு எண்டா சங்கம் வீடு வீடாப் போய் காசு சேர்த்து சாமான் வாங்கிக் குடுக்குமே, அதுதான், பெரிய அளவில. அமெரிக்காவில இருந்த ஐரிஷ் சனமும் அனுப்பினது. அரசாங்கம் எண்டு ஒண்டு சட்டம் போட்டு குடுத்தது 1923ல. அந்த ஏழு வருசமும் சனம் சனத்தைத்தான் பாத்தது.

ஆலங்கேணி வாசகர் ஒருத்தர்: "எல்லாருக்கும் குடுக்கேல்ல" எண்டு எழுதினீங்கள். ஆரை விட்டவை, ஏன்?

தோத்த பக்கத்தை விட்டவை. கொஞ்சம் பின்னுக்குப் போய்த்தான் சொல்லோணும். 1919 ஜனவரியில தொடங்கின சுதந்திரப் போர் 1921 ஜூலை 11ல ஓய்வுக்கு வந்தது, டிசம்பர் 6ல பிரிட்டனோட உடன்படிக்கை. அந்த உடன்படிக்கையை ஏற்கிறதா இல்லையா எண்டதில ஒண்டா நிண்டு சண்டை பிடிச்ச ஆக்களே ரெண்டாப் பிரிஞ்சிட்டினம். 1922 ஜூனில இருந்து 1923 மே வரைக்கும் உள்நாட்டுப் போர். கோர்க் பக்கத்தில ஹேல்ஸ் எண்டு ஒரு குடும்பம், அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பிரிட்டிஷ்காரனுக்கு எதிரா ஒண்டா நிண்டு சண்டை பிடிச்சவை, உள்நாட்டுப் போரில ஒருத்தர் இந்தப் பக்கம் மற்றவர் அந்தப் பக்கம். உடன்படிக்கைப் பக்கம் நிண்ட ஷோன் ஹேல்ஸை 1922 டிசம்பரில டப்ளின் ரோட்டில வைச்சு சுட்டவை. உடன்படிக்கையை ஏற்ற பக்கம் அமைச்ச புது அரசாங்கமும் சும்மா இருக்கேல்ல, தான் பிடிச்ச ஆக்களில 70 பேருக்கு மேல மரண தண்டனை குடுத்தது.

அந்த அரசாங்கம் 1923ல ஒரு பென்ஷன் சட்டம் கொண்டு வந்தது, இராணுவ ஓய்வூதியச் சட்டம். காயப்பட்டவைக்கும் செத்தவையின்ட குடும்பங்களுக்கும். 1916ல செத்தவை, பிரிட்டிஷ்காரனோட சண்டையில செத்தவை, அவையின்ட குடும்பம் கேக்கலாம். உள்நாட்டுப் போரில அரசாங்கப் படையில நிண்டு செத்தவையின்ட குடும்பம் கேக்கலாம். எதிர்ப்பக்கம் நிண்டு செத்தவன்ட தாய் கேக்கேலாது. அடுத்த வருசம், 1924ல, சேவை செய்த ஆக்களுக்கு எண்டு இன்னொரு சட்டம், அதிலயும் அதே கதை.

1932ல டி வலேரா எலக்ஷனில வெண்டு ஆட்சிக்கு வந்தார், அவர் உள்நாட்டுப் போரில தோத்த பக்கத்து ஆள். அந்த வருசம்தான் சட்டத்தை மாத்தி மற்றப் பக்கத்துக் குடும்பங்களையும் சேர்த்தவை, 1934ல சேவை பென்ஷனையும் அவைக்குத் திறந்து விட்டவை. அப்ப கணக்குப் பாருங்கோ, 1922ல மகனைப் பறிகுடுத்த தாய் பத்து வருசம் வெறுங்கையோட இருந்திருக்கிறா, பக்கத்து வீட்டில மற்றப் பக்கம் நிண்டு செத்த பெடியன்ட வீட்டுக்கு போஸ்ட்மன் காசு கொண்டு வந்து குடுக்கிறதைப் பாத்துக்கொண்டு. என்ட மனசுக்கு இதுதான் அந்தச் சட்டத்தின்ட பெரிய பாவம். பிள்ளை எந்தப் பக்கம் நிண்டா என்ன, தாய்க்குப் பசிக்கிறது ஒரே மாதிரித்தானே.

இதில இன்னொண்டும் இருக்கு. சட்டம் திறந்து விட்ட பிறகும் போகாத ஆக்கள் இருந்தவை. இந்த அரசாங்கத்தையே நாங்கள் ஏற்கேல்ல, இதின்ட காசு எங்களுக்கு எதுக்கு எண்டு கை நீட்டாம இருந்திட்டு, வயசு போய் உழைக்க ஏலாத காலத்தில வேற வழியில்லாம போம் நிரப்பினவையும் இருக்கினம்.

தம்பலகாமத்து அம்மா (மேல சொன்னவதான்): மனிசிக்குக் குடுக்கிறது விளங்குது பிள்ளை. கலியாணம் முடிக்காத பெடியன் செத்தா தாய்க்கு என்ன குடுத்தவை?

அம்மா, உங்கட கேள்விக்காகத்தான் இந்தப் பக்கம் முழுக்க எழுதுறன்.

செத்தவையில கனபேர் இளம் பெடியள்தான், கலியாணம் முடிக்காதவை. அப்ப தாய், தகப்பன், சகோதரங்கள் கேக்கலாம், ஆனா சட்டம் ஒரு சொல்லை நடுவில வைச்சுது: தங்கி வாழ்ந்தவையா? மகன்ட உழைப்பில முழுக்கத் தங்கி இருந்தீங்களா, கொஞ்சம் தங்கி இருந்தீங்களா, இல்ல தங்கவே இல்லையா? முழுக்க எண்டா வருசா வருசம் காசு. கொஞ்சம் எண்டா ஒரு தொகையை ஒரு தரம் கையில தந்து கணக்கை முடிச்சு விடுறது. தங்கேல்ல எண்டா ஒண்டுமில்ல, மகன் செத்தது உண்மை எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சாலும் ஒண்டுமில்ல.

இத எப்பிடி முடிவு எடுக்கிறது? போமில கேட்டிருக்கும், மகன் என்ன வேலை செய்தவன், சம்பளம் எவ்வளவு, கிழமைக்கு வீட்டுக்கு எவ்வளவு தந்தவன், வீட்டில வேற ஆர் உழைக்கினம், காணி எவ்வளவு, மாடு எத்தினை. அதோட விடுறதில்ல, ஊர்ப் பொலிசுக்கு எழுதிப் போட்டு விசாரிக்கச் சொல்லுவினம், பொலிஸ் வந்து பாத்திட்டு இவை வசதியான ஆக்கள், இவை கஸ்டப்பட்ட ஆக்கள் எண்டு ரிப்போட் எழுதி அனுப்பும். யோசிச்சுப் பாருங்கோ, ரெண்டு வருசத்துக்கு முதல் பிள்ளையைத் தேடி வந்த பொலிசும் யூனிபோமும் வேறதான், பிரிட்டிஷ்காரன்ட பொலிஸ் போய் புதுப் பொலிஸ் வந்திட்டுது, ஆனாலும் வாசலில பொலிஸ் வந்து நிக்கேக்க அந்தத் தாய்க்கு நெஞ்சு என்ன பாடு பட்டிருக்கும். இந்த முறை அவன் கேக்கிறது மகன் எங்க எண்டில்ல, மகன் கிழமைக்கு எவ்வளவு தந்தவன் எண்டு.

இதில எங்க இடிக்குது எண்டா, சண்டைக்குப் போன பெடியன் கடைசி ஒரு வருசம் ரெண்டு வருசம் வீட்டிலயே இல்ல. ஒளிச்சுத் திரிஞ்சவன், காடு மேடு எண்டு படுத்தவன், உழைக்கவே இல்ல. அப்ப "தந்த காசு" எண்ட கட்டத்தில எதை எழுதுறது? அவனுக்கு தாய்தான் ஆள் விட்டு சாப்பாடு குடுத்து அனுப்பினவ. தோட்டத்துப் பெடியன் எண்டா அவனுக்குச் சம்பளமே இல்ல, தகப்பன்ட காணியில மாடு மாதிரி உழைச்சவன், அந்த உழைப்புக்கு விலை போட்டு எழுதச் சொன்னா எப்பிடி எழுதுறது? எங்கட பக்கத்து வயல் வேலை தெரிஞ்ச ஆக்களுக்கு இது நல்லா விளங்கும், வீட்டுப் பெடியனுக்கு ஆர் கூலி குடுக்கிறது.

சட்டம் எழுதின ஆக்களின்ட பக்கத்தையும் சொல்லத்தான் வேணும். புதுசா வந்த நாடு, போர் முடிஞ்சு கஜானா காலி, எல்லாருக்கும் குடுக்கக் காசில்ல, அப்ப கஸ்டப்பட்டவைக்கு முதல் குடுப்பம் எண்டு நினைச்சிருக்கலாம். நான் அத மறுக்கேல்ல. ஆனா அதால என்ன நடந்தது எண்டா, ஒரு தாய் தன்ட மகன் எவ்வளவு நல்லவன், எப்பிடிச் செத்தவன் எண்டு சொல்லப் போய், நாங்கள் எவ்வளவு ஏழை எண்டு நிரூபிச்சிட்டு வரவேண்டியதாப் போச்சு. மானமுள்ள சனம் எண்டா இது பெரிய அடி. ஊருக்கு முன்னால இல்லாமையைக் காட்டாம வாழ்ந்த ஆக்கள் கடதாசியில அத எழுதிக் கையெழுத்து வைக்கோணும்.

எனக்கு இத எழுதேக்க எங்கட அம்மம்மாதான் ஞாபகம் வாறா. அம்மப்பா அரசாங்க வேலை பாத்தவர், சண்டையில இல்ல, வருத்தத்தில செத்தவர். விதவைகள் பென்ஷனுக்கு அம்மம்மா அலைஞ்ச அலைச்சல். கலியாணச் சேர்டிபிக்கட்டில அவவின்ட பேர் ஒரு மாதிரி, பிறப்புப் பதிவில இன்னொரு மாதிரி, ஒரு எழுத்துத்தான் வித்தியாசம். ஒரு ஒபிசில, பேர் வேண்டாம், மூண்டு தரம் திருப்பி விட்டவை. நான் சின்னப் பிள்ளை, கையைப் பிடிச்சுக்கொண்டு போறன், அவ கடதாசி எல்லாத்தையும் ஒரு பொலித்தீன் பேக்கில சுத்தி அத ஒரு துணிப் பைக்குள்ள வைச்சு நெஞ்சோட அணைச்சுக்கொண்டு பஸ்ஸில வருவா. மூண்டாந் தரம் திரும்பி வரேக்க பஸ்ஸில ஒண்டும் கதைக்கேல்ல. வீட்டை வந்து, "அவர் இருந்தவர் எண்டு நான் ஆருக்கு மோனை சாட்சி சொல்லுறது" எண்டு மட்டும் கேட்டா. அயர்லாந்துத் தாய்மாரின்ட கதையை நான் வாசிக்கேக்க அந்தக் குரல்தான் கேட்டது.

கிண்ணியாவில இருந்து ஒரு தங்கச்சி: அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா. மறுமணம் செஞ்சா பென்ஷன் நிண்டிருமா அங்கயும்?

வஅலைக்கும் ஸலாம் தங்கச்சி. ஓம், விதவையா இருக்கும் வரைக்கும்தான் எண்டு சட்டத்தில இருந்தது.

லிங்கநகர் தம்பி ஒருத்தர்: பொம்பிளையளும் சண்டை பிடிச்சவையாமே அக்கா, அவைக்கு?

மார்கரட் ஸ்கின்னிடர் எண்டு ஒரு ரீச்சர் தம்பி. ஸ்கொட்லாந்தில பிறந்தவ, கிளாஸ்கோவில கணக்குப் படிப்பிச்சவ. 1916 ஈஸ்டர் லீவுக்கு டப்ளினுக்கு வந்து ஐரிஷ் குடிமக்கள் படையோட சேர்ந்து துவக்குத் தூக்கினவ, குறி பாத்துச் சுடுறதில கெட்டிக்காரி. ஹார்கோட் வீதியில ஒரு கட்டிடத்துக்கு நெருப்பு வைக்கப் போகேக்க மூண்டு சூடு பட்டது, பக்கத்தில போன பிரெட் ரயன் எண்ட 17 வயசுப் பெடியன் அதே இடத்தில செத்துப் போனான். அவ கன கிழமை ஆஸ்பத்திரியில கிடந்து தப்பினவ.

1925ல காயப்பட்டவைக்கான பென்ஷனுக்கு எழுதிப் போட்டா. காயம் பொய் எண்டு சொல்ல ஏலாது, சண்டையில நிக்கேல்ல எண்டும் சொல்ல ஏலாது. அப்ப என்ன சொன்னவை தெரியுமோ, சட்டத்தில படைவீரர் எண்டு இருக்கு, அந்தச் சொல் ஆம்பிளையைத்தான் குறிக்கும், ஆனபடியா உங்களுக்கு இல்ல எண்டு. சூடு பட்ட உடம்பு மூண்டு தழும்போட முன்னால நிக்குது, அவை அகராதி பாக்கினம். 1938லதான் குடுத்தவை, 13 வருசத்துக்குப் பிறகு. அவ விட்டுக்குடுக்காத ஆள், பிறகு ஆசிரியர் சங்கத்துக்கே தலைவியா வந்து சம்பளத்தில பொம்பிளை ஆம்பிளை வித்தியாசத்துக்கு எதிரா நிண்டவ.

1934 சட்டத்தில பெண்கள் அமைப்பையும் சேர்த்தவைதான், கும்மன் நா மான் எண்டு பேர். ஆனா பென்ஷனில ஐஞ்சு தரம் இருந்தது, அந்த அமைப்புப் பெண்களுக்கு கீழ இருக்கிற ரெண்டு தரம் மட்டும். செய்தி கொண்டு போனது, துவக்கை உடுப்புக்குள்ள ஒளிச்சுக் கொண்டு திரிஞ்சது, தேடி வந்த ஆமிக்கு முன்னால நிண்டது, அதெல்லாம் கீழ்த் தரத்து வேலையாம்.

மூதூரில இருந்து ஓய்வு பெற்ற அதிபர் ஐயா: ஒரு ரகசியப் படையில இருந்தவர் எண்டதை எப்பிடி அம்மா நிரூபிக்கிறது? டாப்பு வைச்சிருந்திருக்க மாட்டினமே.

அதுதான் ஐயா. டாப்பு வைச்சிருந்தா அது பிரிட்டிஷ்காரன்ட கையில போயிருக்கும், எல்லாரும் தூக்குக்குப் போயிருப்பினம். அப்ப பதிவு இல்லாம இருந்ததால தப்பின ஆக்கள், பிறகு பதிவு இல்லாததால பென்ஷன் இல்லாம நிண்டவை.

அதுக்கு அவை கண்டுபிடிச்ச வழி என்னெண்டா, 1934 சட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு பகுதியிலயும் பழைய பொறுப்பாளர்மார் இருந்து கமிட்டி போட்டு, ஆர் ஆர் எங்கட ஆக்கள் எண்டு ஞாபகத்தில இருந்து லிஸ்ட் எழுதினவை. ரெண்டு திகதிக்குக் கணக்கு: 1921 ஜூலை 11, அதாவது ஓய்வு வந்த நாள், மற்றது 1922 ஜூலை 1, உள்நாட்டுப் போர் தொடங்கின உடன. அந்த லிஸ்டில பேர் இருக்கோணும், பழைய பொறுப்பாளர் ஒருத்தர் லெட்டர் தரோணும், பிறகு விண்ணப்பிச்ச ஆள் நேரில போய் சத்தியம் பண்ணிச் சொல்லோணும். முடிவு எடுக்க ஒரு நடுவர், அவருக்கு ஆலோசனை சொல்ல ஒரு குழு. ஆனா பென்ஷனுக்கு அடிப்படையான "செயல்முனைச் சேவை" எண்டா என்ன எண்டு சட்டத்தில வரைவிலக்கணம் இல்ல. பதுங்கி இருந்து தாக்கின அண்டைக்கு துவக்கு பிடிச்சவன் சரி. அந்த ரோட்டில மரம் வெட்டிப் போட்டவன்? சந்தியில காவல் நிண்டவன்? தன்ட வீட்டில பத்துப் பேரை ஒளிச்சு வைச்சு சமைச்சுப் போட்டவ?

80 ஆயிரத்துக்கு மேல ஆக்கள் சேவை பென்ஷனுக்கு விண்ணப்பிச்சவை, நாலில ஒருத்தருக்குக் கூடக் கிடைக்கேல்ல. இந்தக் கணக்கைப் பாத்திட்டு கனபேர் பொய் சொல்லிக் கேட்டிருப்பினம் எண்டு சொல்லுறவையும் இருக்கினம், கொஞ்சப் பேர் சொல்லியுமிருப்பினம்தான், ஆனா எனக்குப் படுறது வேற. சண்டை எண்டா துவக்கு பிடிச்ச ஆள் மட்டும் எண்டு நினைச்ச சட்டம், அந்த ஆளைச் சுத்தி நிண்ட சனத்தைக் காணேல்ல.

குடும்பத்துக்கு இது எங்க வந்து முட்டுது எண்டா, பொறுப்பாளரும் செத்துப் போயிருந்தா, இல்ல அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிப் போயிருந்தா, இல்ல உள்நாட்டுப் போரில மற்றப் பக்கம் போய் இப்ப இவையோட முகம் குடுத்துக் கதைக்காம இருந்தா, ஆர் லெட்டர் தாறது? கால எல்லையும் இருந்தது, திகதி பிந்தினா இல்ல.

நிலாவெளித் தங்கச்சி: சிறைக்குள்ள கலியாணம் முடிச்ச பொம்பிளைக்கு என்ன நடந்தது அக்கா? சினிமா மாதிரி இருக்கே.

கிரேஸ் கிஃபோர்டைக் கேக்கிறீங்கள். ஜோசப் பிளங்கட் எண்டவரோட கலியாணம் பேசி இருந்தது, கிளர்ச்சியால நடக்கேல்ல. அவரைச் சுட முடிவு எடுத்த இரவு கில்மெய்னம் சிறைக் கோயிலில வைச்சு கலியாணம், விடிய மே 4ல சுட்டாச்சு. அதை எல்லாரும் சொல்லுவினம். அதுக்குப் பிறகு அவ 39 வருசம் வாழ்ந்தவ எண்டதை ஒருத்தரும் சொல்லுறேல்ல.

பிளங்கட் எல்லாம் மனிசிக்கு எண்டு உயில் எழுதி வைச்சவர்தான். ஆனா சாட்சி ஒருத்தர்தான் கையெழுத்து வைச்சது, சட்டத்துக்கு ரெண்டு பேர் வேணும். உயில் செல்லாது. மாமா மாமி வசதியான ஆக்கள், காசு குடுக்கேல்ல. இவ படம் கீறி, கார்ட்டூன் வரைஞ்சு சீவிச்சவ, வாடகை வீடு மாறி மாறி. உள்நாட்டுப் போரில எதிர்ப்பக்கம் நிண்டவ, 1923ல அதே கில்மெய்னம் சிறைக்குள்ள மூண்டு மாசம் போட்டும் வைச்சவை. 1932ல டி வலேரா அரசாங்கம்தான் ஒரு விசேட பென்ஷன் குடுத்தது. 1934ல புருசன்ட பெற்றோர் மேல கேஸ் போட்டு, கோட்டுக்கு வெளியில 700 பவுண்ஸுக்குச் சமாதானம். ஒரு கையெழுத்துக் குறைஞ்சதுக்கு 18 வருசம். தங்கச்சி, அம்மம்மாவின்ட ஒரு எழுத்தை மேல சொன்னனே.

திருக்கடலூர் ஐயா: எங்கட அப்பா டொக்யார்ட்டில வேலை பாத்தவர், ஐரிஷ்காரர் பிரிட்டிஷ் படையில கனபேர் எண்டு சொல்லுவார். அவைக்கு நாட்டில என்ன மரியாதை?

உங்கட அப்பா சொன்னது சரி ஐயா. 1916ல சுடப்பட்ட மைக்கல் மாலினே இளம் வயசில பிரிட்டிஷ் ஆமியில இந்தியாவில இருந்தவர். பிரிட்டிஷ் படையில கடைசி வரை நிண்டவைக்கு ஊரில கன காலம் முகம் குடுக்கேல்ல, அது வேற சோகக் கதை. ஆனா உங்களுக்கு நான் சொல்ல விரும்புறது இந்தியாவில நடந்த ஒண்டு. 1920 ஜூனில பஞ்சாப், ஜலந்தரில இருந்த கன்னாட் ரேஞ்சர்ஸ் எண்ட படைப்பிரிவில ஐரிஷ் சிப்பாய்மார், எங்கட ஊரில உங்கட ஆமி சனத்தைப் போட்டு அடிக்குது, நாங்கள் இனி உங்களுக்கு வேலை செய்யமாட்டம் எண்டு துவக்கைக் கீழ வைச்சவை. சோலன் மலை முகாமுக்கும் பரவினது, அங்க ஆயுதக் களஞ்சியத்தைப் பிடிக்கப் போய் ரெண்டு பேர் செத்தவை. ஜேம்ஸ் டேலி எண்ட பெடியனை நவம்பர் 2ல டாக்‌ஷாய் சிறையில சுட்டது. மற்றவை சிறையில கிடந்து 1923ல வெளிய வந்தவை, வந்தா ஆமிப் பென்ஷனும் இல்ல, ஐரிஷ் படையில இருந்தவை எண்டும் கணக்கில்ல, ரெண்டு பக்கத்திலயும் பேர் இல்ல. அவைக்கெண்டு தனியா 1936ல ஒரு சட்டம் கொண்டு வந்து பென்ஷன் குடுத்தவை. டேலியின்ட உடலை 1970ல இந்தியாவில இருந்து சொந்த ஊருக்கு எடுத்தவை, 50 வருசம் கழிச்சு.

குச்சவெளிப் பக்கத்தில இருந்து ஒரு தாய், ஊர் பேர் போட வேண்டாம் எண்டவ: உடம்பு கிடைக்காதவையின்ட குடும்பத்துக்கும் குடுத்தவையா?

அம்மா, உங்கட வொயிஸ் மெசேஜை நான் ரெண்டு தரம் கேட்டன்.

அங்கயும் ஆள் கடத்திக்கொண்டு போய் இல்லாமப் பண்ணின சம்பவங்கள் நடந்தது. நோயல் லெமாஸ் எண்டவரை 1923 ஜூலையில, போர் முடிஞ்சிட்டுது எண்டு சொன்ன பிறகு, டப்ளினில பட்டப்பகல் பிடிச்சுக்கொண்டு போனவை, ஒக்டோபரிலதான் மலைப்பக்கத்தில உடலைக் கண்டெடுத்தது. அவரின்ட தம்பி ஷோன் லெமாஸ் பிறகு நாட்டுக்குப் பிரதமரா வந்தவர். மூண்டு மாசம் அந்த வீடு எப்பிடி இருந்திருக்கும் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல.

நீங்கள் கடைசியாக் கேட்டது, இஞ்ச எங்கட நாட்டில காணாமப் போன ஆளுக்கு மரணச் சேர்டிபிக்கட் எடுக்கத்தான் வேணுமோ எண்டு: செத்திட்டார் எண்டு எழுதின மரணச் சேர்டிபிக்கட்டில கையெழுத்து வைக்க மனம் வரேல்ல எண்டா வைக்கத் தேவையில்ல அம்மா. இலங்கையில 2016ல வந்த சட்டத்தில, ஆளைக் காணேல்ல எண்டு மட்டும் எழுதித் தாற சேர்டிபிக்கட் ஒண்டு இருக்கு. அத வைச்சு உதவிக் கொடுப்பனவுகளுக்கு எழுதலாம், காணி பாங்க் விசயங்களைப் பாக்கலாம், பிள்ளையளின்ட பொறுப்பு சம்பந்தமாயும் பாவிக்கலாம். அத எடுத்தா தேடுறதை விட்டிட்டீங்கள் எண்டு அர்த்தமில்ல. போகேக்க படிச்ச பிள்ளை ஒண்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ, குடுக்கிற ஒவ்வொரு கடதாசியிலயும் ஒரு கொப்பி வீட்டில வையுங்கோ, ஒரிஜினலைக் கையில குடுத்திட்டு வராதேங்கோ.

சாம்பல்தீவு, கம்பஸ் படிக்கிற தம்பி: அந்த பைலெல்லாம் இப்ப எங்க?

டப்ளினில, ரத்மைன்ஸ் பகுதியில இருக்கிற இராணுவ ஆவணக் காப்பகத்தில. மூண்டு லட்சத்துக்குக் கிட்ட பைல். 2014ல இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஒன்லைனில போடுறவை, காசில்லாமப் பாக்கலாம், நீங்கள் கம்பஸ் ஹொஸ்டலில இருந்து போனிலயே திறந்து பாருங்கோ. போம் இருக்கும், பொலிஸ் ரிப்போட் இருக்கும், பாதிரியார் எழுதின சிபாரிசு லெட்டர், பிறகு அந்தத் தாய்மாரும் மனிசிமாரும் கையால எழுதின கடிதங்கள், ஏன் இன்னும் பதில் வரேல்ல, வாடகை கட்ட வழியில்ல, பிள்ளைக்கு சப்பாத்து இல்ல எண்டு.

ஒண்டை யோசிச்சுப் பாருங்கோ தம்பி. தலைவர்மாரைப் பற்றி புத்தகம் எழுதினவை, சிலை வைச்சவை. கோர்க்கில, கெரியில ஒரு சின்னத் தோட்டத்துத் தாய் எத்தினை மாடு வைச்சிருந்தவ, மகன் அவவுக்கு என்ன செய்து குடுத்தவன், அவன் போன பிறகு அந்த வீடு எப்பிடி ஓடினது எண்டு இண்டைக்கு எங்களுக்குத் தெரியுது எண்டா அது அந்தப் பென்ஷன் பைலாலதான். இல்லையெண்டு தள்ளின பைலையும் எறியாம வைச்சிருக்கினம். எங்கட பக்கம் 1990 இடம்பெயர்விலயும் 2004 சுனாமியிலயும் எத்தினை வீட்டுக் கடதாசி போச்சு, அத நினைச்சா எனக்கு வயிறு எரியுது. உங்கட வீட்டில பெட்டிக்குள்ள பழைய லெட்டர், கூப்பன் காட், சம்பளச் சிட்டை எது கிடந்தாலும் போனில போட்டோ எடுத்து ரெண்டு இடத்தில சேமிச்சு வையுங்கோ, இந்தக் கிழமையே.

பாலையூற்று, பத்தாம் வகுப்புப் பிள்ளை: சுடப்பட்ட ஆக்களின்ட பிள்ளையள் என்ன ஆனவை அன்ரி?

நல்ல கேள்வி மகள். தோமஸ் மக்டொனா எண்ட கவிஞருக்கு ரெண்டு பிள்ளையள். தகப்பனை 1916 மேயில சுட்டது, தாய் மியூரியல் அடுத்த வருசம் ஜூலையில ஸ்கெரிஸ் எண்ட இடத்தில கடலில நீந்தப் போய் இறந்து போனவ. சின்ன வயசில தாயும் இல்ல தகப்பனும் இல்ல.

மேல சொன்ன மைக்கல் மாலினை மே 8ல சுட்டவை. நாலு பிள்ளையள், மனிசி அக்னஸ் ஐஞ்சாவதை வயித்தில சுமந்துகொண்டு இருந்தவ. கடைசி இரவு வீட்டுக்கு எழுதின கடிதத்தில, ரெண்டரை வயசு ஜோசப்புக்கு, ஏலுமெண்டா நீ பாதிரியாரா வா எண்டு எழுதினவர். ஜோசப்புக்குத் தகப்பன்ட முகம் சரியா ஞாபகம் கூட இருந்திருக்காது. ஆனா அவர் பாதிரியார் ஆனவர், 1948ல கிழக்காசியாவுக்குப் போய் ஹொங்கொங்கில பள்ளிப் பிள்ளையளுக்குப் படிப்பிச்சுக்கொண்டு அங்கயே இருந்தவர். சுடப்பட்ட தலைவர்மாரின்ட பிள்ளையளில கடைசியா உயிரோட இருந்தவர் அவர்தான். 2018 ஏப்ரல் 1ல, 104 வயசில, ஹொங்கொங்கில காலமானவர்.